வடியாத வெள்ளம்: தாம்பரத்தில் படமெடுக்கப்படாத பத்தாண்டுகள்

2015 டிசம்பர் 1ஆம் நாள் காலைமுதல் மறுநாள் காலைவரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. செம்பரம்பாக்கத்தில் பதிவானது 47 சென்டிமீட்டர். ‘சென்னை வெள்ளம்’ என்று நாடு நினைவில் வைத்திருக்கும் பேரிடரின் உச்ச மழை எங்கள் ஊரில் பெய்தது. ஆயினும் அந்நாள்களின் நினைவுப் படங்களாக இன்றும் எடுத்துக்காட்டப்படுபவை வேறு: நீர் சூழ்ந்த விமான நிலைய ஓடுதளம், சைதாப்பேட்டையில் பாலத்தை உரசியோடிய அடையாறு, கோட்டூர்புரத்தில் வீடுகளை விழுங்கிய நீர். மேற்குத் தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் ஆகிய பகுதிகளுக்குக் கிடைத்தவை படகில் மீட்கப்படும் குடும்பங்களின் படங்கள். பின்னர் 2020இல் நிவர் புயலின்போதும், 2021 நவம்பர் மழையின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே தெருக்களிலிருந்து அதே படகுப் படங்கள் வந்தன. ஆண்டைக் குறிப்பிடாமல் அவற்றை அருகருகே வைத்தால், எது எந்த வெள்ளம் என்று அந்தத் தெருவில் குடியிருப்பவராலும் சொல்ல இயலாது.

இந்த ஒற்றுமை தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. வெள்ளத்தைப் படமெடுப்பது எளிது. நீர் தானே காட்சியாகி நிற்கிறது. அது வடிந்த பிறகு பத்தாண்டுகளாக நடப்பதைப் படமெடுக்க ஒருவர் அதே ஊரில் இருந்தாக வேண்டும். ஒரே சுவரின் முன் பலமுறை சென்று நின்றாக வேண்டும். அதற்கு எந்தச் செய்தி நிறுவனமும் ஊதியம் தருவதில்லை. இதன் விளைவாக, ‘பேரிடர்’ என்ற சொல் அந்த மூன்று நாள்களோடு முடிந்துவிட்ட ஒன்றாகவும், அதன் பிறகு அரசு மேற்கொண்ட அனைத்தும் ‘சீரமைப்பு’ என்ற தனிக் கதையாகவும் பிரிந்துவிட்டன. தென்சென்னைப் புறநகரின் தலித் குடும்பங்கள் இழந்தவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டாம் கதைக்குள் இருக்கிறது.

முதலில் நீரின் வழியைப் பார்ப்போம். 2015 வெள்ளம் பற்றிய பொது விவாதம் முழுவதும் செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றியே நடந்தது. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டதும், அம்முடிவு எடுக்கப்பட்ட முறையும் கேள்விக்குள்ளாயின. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, இது மனிதரால் விளைந்த பேரிடர் என்ற முடிவுக்கு வந்தது. அவ்விவாதம் தேவையானதே. ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் கலக்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரமும் அதற்கு மேற்புறத்தில் உள்ளவை. இங்கு வீடுகளுக்குள் புகுந்தது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் முதலிய ஏரிகளிலிருந்து வழிந்த நீரும், பீர்க்கன்காரணை, இரும்புலியூர் ஏரிகளின் வடிகால் தடைபட்டதால் தேங்கிய நீரும். ஏரிகளைச் சங்கிலியாகக் கோத்திருந்த கால்வாய்கள் மனைப்பிரிவுகளாகவும் சாலைகளாகவும் மாறியதுதான் எங்கள் வெள்ளத்தின் காரணம். மதகைத் திறந்தவர் யார் என்ற கேள்வியைப் போல இதற்கு ஒற்றைக் குற்றவாளி கிடையாது. ஒப்புதல் முத்திரையிட்ட பல கைகள் உண்டு. நாடகத்தன்மை குறைந்த கதை என்பதால் இது தலைப்புச் செய்தி ஆகவில்லை.

தாம்பரம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதி. 1891இல் அம்மாவட்டத்தின் ஆட்சியராகப் பணியாற்றிய ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கையை அரசுக்கு அளித்தார். 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்த ஆவணமாக அதனை நாம் அறிவோம். உழுநிலம் பற்றிப் பேசிய அளவுக்கு நாம் பேசாத ஒரு செய்தி அதில் உண்டு. தாம் குடியிருக்கும் மனையின் மீதும் சேரி மக்களுக்கு உறுதியான உரிமை இல்லை என்பதும், அதைக் காட்டியே நிலவுடைமையாளர்கள் அவர்களை அடக்கி வைக்க முடிந்தது என்பதும் அவ்வறிக்கையின் கவலைகளில் ஒன்று. ஊர் மேட்டிலும், சேரி வயலுக்கும் நீர்வழிக்கும் அருகிலான தாழ்ந்த நிலத்திலும் அமைந்த நிலவமைப்பு இந்த உரிமையின்மையின் மண்வடிவம். நகரம் தெற்கே பரவியபோது இந்த அமைப்பு மறையவில்லை. வயல் மனைப்பிரிவாயிற்று, சேரி ‘காலனி’யாயிற்று, நீர்வழியோரம் ‘புறம்போக்கு’ என்ற வருவாய்த்துறைச் சொல்லோடு தொடர்ந்தது. வேலை தேடிப் பிற மாவட்டங்களிலிருந்து வந்த தலித் குடும்பங்களுக்கும் குடிசை போட இடம் தந்தது அந்தப் புறம்போக்குதான்.

எனவே 2015இல் ஒரே ஆற்றின் நீரில் இருவகைக் குடியிருப்புகள் மூழ்கின. ஒன்று, ஆற்றின் வெள்ளச் சமவெளியில் பட்டா பெற்று, ஒப்புதல் பெற்று, வங்கிக் கடனில் எழுந்த நடுத்தர வர்க்க நகர்கள். மற்றொன்று, அதே ஆற்றின் கரையோரம் பட்டா இன்றி எழுந்த குடிசைகளும் ஓட்டு வீடுகளும். முதலாவதற்கு நீர்வளத்துறையின் பொறியியல் விடையளித்தது: ஆற்றை அகலப்படுத்துதல், கரைகளை உயர்த்துதல், மூடுகால்வாய்கள் அமைத்தல். இரண்டாவதற்குக் கிடைத்த விடை வெளியேற்றம். முடிச்சூர்ப் பகுதி மக்களின் துயரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய வீட்டில் ஆண்டுதோறும் சாமான்களைப் பரண்மேல் ஏற்றி வைப்பவர்கள் அவர்கள். ஆனால் ஒரே நீரோட்டத்தை மறித்து நிற்கும் இரு சுவர்களில் ஒன்றைப் பாதுகாக்கவும் மற்றொன்றை இடிக்கவும் ஓர் அரசு முடிவெடுக்கும்போது, அம்முடிவின் அளவுகோல் நீரியல் என்று நம்மை நம்பச் சொல்வது சரியன்று.

வெளியேற்றப்பட்டவர்கள் எங்கே சென்றார்கள்? கண்ணகி நகர் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கியது. செம்மஞ்சேரி 2004 ஆழிப்பேரலைக்குப் பின். பெரும்பாக்கத்தின் எட்டு அடுக்குக் கட்டடங்கள் அதற்கும் பின். மூன்றும் தென்புறநகரில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தையும் அதன் நீர் வடியும் தாழ்நிலத்தையும் ஒட்டி அமைந்தவை. 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணை, தென்சென்னையின் பல ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் இடம். 2015 வெள்ளத்தில் பெரும்பாக்கமே நீரில் நின்றது. அவ்வெள்ளம் வடிந்த சில வாரங்களில், ஆற்றங்கரையில் வாழ்வது ஆபத்து என்று காரணம் கூறி, அடையாற்றங்கரை மக்களை அதே பெரும்பாக்கத்திற்குக் கொண்டுவந்தனர். 2021இலும் 2023இலும் அங்கு மீண்டும் நீர் தேங்கியது. வீட்டு உரிமைகளுக்காகப் பணியாற்றும் அமைப்புகள் 2017இல் வெளியிட்ட ஆய்வு, வெள்ளத்திற்குப் பிந்தைய இந்த இடப்பெயர்ப்பைத் தனிப் பொருளாகவே எடுத்துப் பதிவு செய்தது. 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறிற்று. வாழ்விடம் மாறும் திசை மாறவில்லை.

தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் இதன் அண்மைக்கால வடிவம் அனகாபுத்தூர். 2025 மே மாதம் ஸ்டாலின் நகர், காயிதே மில்லத் நகர், தாய் மூகாம்பிகை நகர் உள்ளிட்ட அடையாற்றங்கரைக் குடியிருப்புகள் காவல்துறைப் பாதுகாப்புடன் இடிக்கப்பட்டன. பல்லாண்டுகளாக மின் இணைப்பும் வரி ரசீதும் வைத்திருந்த குடும்பங்களுக்குப் பெரும்பாக்கம், கீரப்பாக்கம், தைலாவரம் ஆகிய இடங்களில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. கல்வியாண்டு தொடங்குவதற்குச் சில நாள்கள் முன்னதாக இது நடந்தது. 2015இன் வெள்ளம் 2025இல் ஒரு வீட்டை இடிக்கிறது என்பதைக் காட்ட எந்தப் படகுப் படமும் உதவாது.

இங்கு ஒளிப்படம் பற்றிய என் முதன்மையான ஐயம் எழுகிறது. ஆற்றங்கரைக் குடியிருப்புகள் படமெடுக்கப்படாதவை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அவை திட்டமிட்டுப் படமெடுக்கப்பட்டவை. கணக்கெடுப்பு நடக்கும் நாளில் கதவிலோ சுவரிலோ வண்ணத்தால் ஓர் எண் எழுதப்படும். அந்த எண் தெரியும்படி குடும்பத்தினர் வாசலில் நிற்க வேண்டும். கைரேகை பதிவாகும். அந்தப் படம் கோப்பில் ஏறும். பல குடும்பங்கள் ஒன்றாக நின்று எடுத்துக்கொண்ட ஒரே படம் அதுவாகவும் இருக்கும். அதன் படி ஒன்று அவர்கள் கைக்கு வருவதில்லை. ஒரு வீடு இருந்தது என்பதற்கான அந்தச் சான்று, அவ்வீட்டை இல்லாமலாக்கவே எடுக்கப்பட்டது. நம் இளைஞர்கள் கையில் கைப்பேசிக் கேமரா வந்தபிறகும் இந்த அரசுப் படத்திற்கு இணையான, குடியிருப்பவர் தரப்பிலான ஒரு படத்தொகுப்பு தாம்பரத்தில் உருவாகாதது எனக்கு வியப்பளிக்கிறது.

படத்தினும் வலிமையானது அதன் கீழ் எழுதப்படும் வரி. 2005இல் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, மார்பளவு நீரில் பொருள்களுடன் நடந்த கறுப்பின இளைஞர் ஒருவர் கடையைச் ‘சூறையாடிவிட்டு’ வருவதாக ஒரு செய்தி நிறுவனம் எழுதியது. அதே போன்ற நீரில் அதே போன்ற பொருள்களுடன் நடந்த வெள்ளையர் இருவர் ரொட்டியும் பானமும் ‘கண்டெடுத்து’ வருவதாக மற்றொரு நிறுவனம் எழுதியது. நம்மிடம் இந்த வேலையைச் செய்யும் சொல் ‘ஆக்கிரமிப்பாளர்’. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் சதுப்புநிலத்தின் மீது நிற்கும் கல்வி, ஆய்வு நிறுவனங்களின் படத்தின் கீழ் இச்சொல் வருவதில்லை. ஏரியின் நீர்ப்பிடிப்பில் எழுந்த அடுக்குமாடிகளுக்கு ‘வெள்ளம் சூழ்ந்த குடியிருப்பு’ என்ற சொல் கிடைக்கிறது. ஆற்றங்கரைத் தகரக் கூரைக்கு மட்டும் இச்சொல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. செய்தி எழுதப் பயிலும் மாணவர்கள் ஒரு வாரச் செய்தித்தாள்களை எடுத்து இந்த ஒரு சொல்லை மட்டும் அடிக்கோடிட்டுப் பார்க்கலாம்.

தூய்மைப் பணியாளர்களின் நிலை இதைவிட வேறுபட்டது. 2015 டிசம்பரில் சென்னையிலும் புறநகரிலும் குவிந்த குப்பையையும் சேற்றையும் அகற்றப் பிற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கொண்டுவரப்பட்டனர். பெரும்பாலோர் அருந்ததியர் உள்ளிட்ட தலித் சமூகத்தினர். கையுறையும் காலணியும் இன்றி அழுகிய கழிவுகளில் இறங்கி நின்ற அவர்களின் படங்கள் வெளிவரத்தான் செய்தன. ‘நகரை மீட்ட நாயகர்கள்’ என்ற பாராட்டுரையோடு வெளிவந்தன. பாராட்டு, கையுறை ஏன் இல்லை என்ற கேள்வியை மூடியது. எந்தப் பணிக்கு எந்தச் சாதியினர் மாவட்டம் விட்டு மாவட்டம் வரவழைக்கப்பட்டனர் என்ற கேள்வியையும் அது மூடியது. 2017இல் வெளிவந்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தில் ஒளிப்பதிவாளராகப் பணியாற்றிய பழனிக்குமார், அதன் பின்னும் தூய்மைப் பணியாளர் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து படமெடுத்து வருகிறார். ஒருவர் சாக்கடைக்குள் நிற்கும் கணத்தோடு அவர் நிறுத்திக்கொள்வதில்லை. இறந்தவரின் வீட்டுக்கு, அவர் மனைவியிடம், பிள்ளைகளிடம் செல்கிறார். வெள்ளத்தின் பின்விளைவைப் பதிவு செய்ய விரும்புவோர்க்கு நம் மண்ணில் கிடைக்கும் தெளிவான முன்மாதிரி அதுவே.

சரி, எதைப் படமெடுப்பது? சுவரில் நீர் விட்டுச்சென்ற கோடு முதலில் கண்ணில் படும். தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஒளிப்படக் கலைஞர் கிடியன் மெண்டல் 2007முதல் உலகின் பல வெள்ளங்களைப் படமெடுத்து வருபவர். வீட்டுச் சுவர்களில் படிந்த நீர்க்கோடுகளை மட்டுமே ஒரு தனித் தொகுப்பாக்கியிருக்கிறார். எங்கள் பகுதியில் வசதியுள்ள வீடுகளில் அந்தக் கோட்டின் மேல் வெள்ளை அடித்தாயிற்று. வாடகைக்கு விடப்பட்ட பின்கட்டு அறைகளிலும் காலனி வீடுகளிலும் அது இன்னும் இருக்கிறது. 2015இன் கோட்டுக்குக் கீழே 2021இன் கோடு, அதன் அருகே 2023இன் கோடு என்று ஒரே சுவரில் மூன்றையும் கண்டதுண்டு. எனினும் என் கருத்தில் கோட்டைவிட முக்கியமானது வாசற்படி. ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பின்னும் பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன்மேலேயே சாலை போடப்படுகிறது. வசதியுள்ளவர் வீட்டைப் பலகுத்திகள் கொண்டு அப்படியே தூக்கி அடித்தளத்தை உயர்த்திக்கொள்கிறார், அல்லது இடித்துக் கட்டுகிறார். இயலாதவரின் வீடு சாலை உயர உயரக் குழிக்குள் இறங்குகிறது. முன்பு மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இப்போது இரண்டு படி இறங்கி நுழைகிறார்கள். அடுத்த மழையில் யார் வீட்டில் முதலில் நீர் நுழையும் என்பது இப்படித்தான் தீர்மானமாகிறது. இதைப் படமெடுக்கக் கேமராவுடன் ஓர் அளவுகோல் போதும்.

காணாமற்போனவற்றைப் படமெடுப்பது கடினம். 2011 ஆழிப்பேரலைக்குப் பின் ஜப்பானின் யமமோட்டோ நகரில் சேற்றிலிருந்து மீட்கப்பட்ட சுமார் 7,50,000 குடும்ப ஒளிப்படங்களைத் தன்னார்வலர்கள் கழுவி, உலர்த்தி, உரியவரைத் தேடிக் கொடுத்தனர். நம் காலனிகளில் ஒரு வீட்டில் இருக்கும் படங்கள் மிகக் குறைவு: திருமணப் படம், பெரிதாக்கி மாலையிட்ட தந்தையின் படம், பள்ளியில் எடுத்த குழுப்படம். அவை போயின என்பது அழத்தக்க இழப்பு. ஆனால் வீட்டில் முதலில் தேடப்பட்டது வேறொரு காகிதம்: சாதிச் சான்றிதழ். அதனுடன் மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும். அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி நகல்களை வழங்கியது உண்மை. முகாமுக்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். நகல் பெற மூலத்தின் எண் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோரின் சான்று கேட்கப்படும். கல்லூரி விண்ணப்பத்திற்கும் கல்வி உதவித்தொகைக்கும் இடையில் ஒரு காகிதம் இல்லாமல் ஓராண்டை இழந்த மாணவரின் இழப்பு எந்த வெள்ளச் சேதக் கணக்கிலும் ஏறாது. அன்று குடிசை இழந்தவருக்கு 10,000 ரூபாயும், நீர் புகுந்த பிற வீடுகளுக்கு 5,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. 2023இல் 6,000 ரூபாய். இத்தொகைகள் ஈடுசெய்ய எண்ணியது பாத்திரத்தையும் பாயையும்தான்.

சட்டத்தில் நமக்கு ஒரு பிடி உண்டு. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, இழப்பீட்டிலும் நிவாரணத்திலும் பாலினம், சாதி, சமூகம், வமிசம், மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் நிவாரணம் குடும்ப அட்டையின் வழியே செல்கிறது. குடும்ப அட்டையில் சாதி இல்லை. எனவே பாகுபாட்டை ஆவணத்தால் நிறுவுவது கடினம். அது இடத்தின் வழியாகவே வெளிப்படும்: எந்தத் தெருவுக்கு மின்சாரம் மூன்றாம் நாள் வந்தது, எந்தக் காலனிக்குப் பத்தாம் நாள் வந்தது, குடிநீர் லாரி எந்த முனையோடு திரும்பியது. நாளும் நேரமும் இடமும் பதிந்த ஒளிப்படம் இதைச் சொல்லும். அதற்குச் சில ஒழுங்குகள் தேவை. வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பும்போது அதனுள் பதிந்திருக்கும் நேரம், இடம் பற்றிய தகவல்கள் நீங்கிவிடுகின்றன. எனவே மூலக் கோப்பை அப்படியே தனியே சேமிக்க வேண்டும். 2024 ஜூலைமுதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாக்க ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்பதை உறுதிசெய்யும் ஹாஷ் மதிப்பும் அதில் கேட்கப்படுகிறது. ஒவ்வொரு ஊரிலும் இதைக் கற்றுக்கொண்ட ஒரு மாணவராவது இருந்தால், இடிப்பு அறிவிக்கை வந்த பிறகு இரவோடு இரவாகச் சான்று தேடி அலைய வேண்டியிராது.

ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். நீர்க்கோட்டின் படமே, ‘பார், இங்கு வாழ்வது ஆபத்து’ என்று வெளியேற்றத்திற்கான சான்றாகவும் திருப்பப்படலாம். ஆற்றங்கரையின் தாழ்வைக் காட்டும் படத்துடன், அதே ஆற்றின் எதிர்க்கரையில் நிற்கும் பட்டா நிலக் கட்டடத்தின் தாழ்வைக் காட்டும் படமும், மாற்றுக் குடியிருப்பில் மழைநாளில் தேங்கும் நீரின் படமும் ஒன்றாக வைக்கப்பட வேண்டும். மேலும், வீட்டுக்காரரின் ஒப்புதல் ஒருமுறை கேட்டால் போதாது. படம் வெளியாகும்போதும், ஐந்தாண்டு கழித்து வேறொரு வாதத்திற்காக அது எடுக்கப்படும்போதும் கேட்க வேண்டும். பெரும்பாக்கத்தில் வசிப்பதாலேயே வேலை மறுக்கப்படும் இளைஞருக்குத் தன் முகம் அந்த முகவரியோடு சேர்ந்து உலவுவதில் தயக்கம் இருப்பது இயல்பு.

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. மறு ஆண்டு, பட்டியல் சமூகப் பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட அதன் மேயர் பொறுப்பில் இளம் தலித் பெண் ஒருவர் அமர்ந்தார். இது நம் இயக்கங்களின் நெடிய போராட்டத்தின் விளைவு. அந்த இருக்கையின் அதிகாரத்தில் மழைநீர் வடிகாலும் குப்பையும் உள்ளூர்ச் சாலையும் அடங்கும். ஆறும் ஏரியும் நீர்வளத்துறையிடம், மறுகுடியமர்வு வாரியத்திடம், நிலத்தின் பெயர் வருவாய்த்துறையிடம். தலித் பிரதிநிதித்துவம் எட்டிய இடத்திற்கும் தலித் வீடுகளின் தலைவிதி முடிவாகும் இடத்திற்கும் இடையிலுள்ள தொலைவு இது. ஆயினும் சாலையைச் சுரண்டிப் போடுவதா, மேலேயே போடுவதா என்பது மாநகராட்சியின் ஒப்பந்தப்புள்ளியில் எழுதப்படும் ஒரு வரி. வாசற்படிப் படங்களை வார்டு வாரியாகத் தொகுத்து அந்த மன்றத்தின் முன் வைக்க இயலும். 70 வார்டுகளிலும் வைக்க இயலும்.

அனகாபுத்தூரில் இடிக்கப்பட்ட கரையிலிருந்து தொடங்கலாம். பல்லாவரம் ரயில் நிலையத்திலிருந்து அது சில கிலோமீட்டர் தொலைவுதான். ஒரே இடத்தில், ஒரே திசை நோக்கி, ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன் ஒன்றும் மழைக்குப் பின் ஒன்றுமாக எடுக்கப்படும் படங்கள், அந்த நிலம் உண்மையில் ஆற்றுக்குத் திரும்புகிறதா, வேலியிட்ட பூங்காவாகிறதா, சாலையாகிறதா, அதன் பின்னால் எழும் மாடிகளுக்கு ஆற்றுக் காட்சியாகிறதா என்பதைக் காட்டும். அங்கிருந்து சென்ற குடும்பங்களின் இன்றைய வாசல்களைக் கீரப்பாக்கத்திலும் தைலாவரத்திலும் அதே நாளில் வேறு இருவர் எடுக்கலாம்.